ஒரே வயதுக்காரன்

ஒராஸ்பைக்கும் துய்சேனுக்கும் ஒரே வயது. அந்தப் புல்வெளி ஊரில் ஒரே வயதுக்காரர்களுக்கு ‘குர்தாஸ்’ என்று பெயர். குர்தாஸ் எதைச் சொல்லியும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்பவன்தான் குற்றவாளி.

முப்பது வருடமாக ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் ஒராஸ்பை, துய்சேன் சொன்ன ‘கஞ்சன்’, ‘பொண்டாட்டிக்குப் பயந்தவன்’ எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர். இவ்வளவு உரிமையாகப் பேசுகிறவன் நண்பன் அல்லாமல் வேறு யார் என்று நினைத்தார். அங்கேதான் ஏமாந்தார். ஒரே வருடத்தில் பிறப்பதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. நண்பனாக இருக்கத்தான் வாயை அடக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், நகரத்து மருத்துவமனையில் யாரோ விட்டுப்போன பச்சைக் குழந்தையை ஒராஸ்பையும் மனைவி குல்சிமும் எடுத்து வந்தார்கள். குல்சிம் வைத்தியத்துக்காக எட்டு மாதம் அங்கேயே தங்கியிருந்ததால் ஊர் சந்தேகப்படவில்லை. கொண்டுவந்து சேர்த்த லாரி துய்சேனுடையது.

“செத்தாலும் வாயத் திறக்க மாட்டேன்டா” என்று ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்தான்.

அந்தக் குழந்தைதான் அக்மரால். நாளை புருஷன் வீட்டுக்குப் போகிறாள். இன்று வழியனுப்பு விருந்து. வெந்த ஆட்டுத்தலையை ஒராஸ்பை தன் கையாலேயே துய்சேன் முன்னால் வைத்தார். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது. துய்சேன் வழக்கப்படி காதை அறுத்து வீட்டுப் பெண்ணிடம் நீட்டினான்.

“இந்தாம்மா, காது. ஆமா, உன் காது யாரு ஜாடை? உங்கப்பனுதும் இல்ல, அம்மாவுதும் இல்ல! டேய் ஒராஸ்பை, லாரியில ஏத்துறப்பவே சொன்னேனே, ஆஸ்பத்திரியில இன்னும் நாலு குழந்தையப் பாத்துட்டு எடுடான்னு!”

கூடாரமே அதிரச் சிரித்தது. குல்சிம் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்பா?” என்றாள் அக்மரால்.

ஒராஸ்பைக்கு ரத்தம் கொதித்தது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம். தள்ளினால் அது உண்மையென்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. பாவி, இது தெரிந்துதானே பேசியிருக்கிறான்! வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“உன் வாயில மண்ணு விழ! குடிச்ச குமிஸ் தலைக்கேறிடுச்சா?”

பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கிளம்பும்போது துய்சேன் தோளில் தட்டினான். “கோச்சுக்கலையேடா? நல்லா எடுபட்டுச்சில்ல?”

ஒராஸ்பை தலையை மட்டும் ஆட்டினார். சத்தியத்தை ஒரு கைதட்டலுக்கு விற்றவனிடம் பேச என்ன இருக்கிறது?

விருந்தாளிகள் போனபின் அக்மரால் செம்போடு வந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

“அப்பா, துய்சேன் மாமா என்ன சொன்னாலும் லேசாச் சிரிச்சிட்டு விட்டுடுவீங்க. இன்னிக்கு மட்டும் ஏம்ப்பா அவ்ளோ சத்தமாச் சிரிச்சீங்க?”

செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஒராஸ்பை கைகளை நீட்டியபடியே இருந்தார்.