வெயில் கால ஒயினும் லோகநாதன் நாக்கும்

பாரிவாக்கத்து லோகநாதன் பாம்புக்குப் பயந்தவனில்லை, போலீசுக்குப் பயந்தவனில்லை. தன் நாக்குக்குத்தான் பயந்தான். ஒரு சொட்டு பட்டால் போதும், பழைய லோகநாதன் எழுந்து உட்கார்ந்துகொள்வான் என்று அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில், வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று சொல்வது. கடவுள் சிலரிடம் மட்டும் இப்படி விளையாடுவார்.

அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். நிலமெல்லாம் பிளாட்டான பிறகு மகன் ஓட்டலில் தட்டு கழுவச் சேர்ந்து, மேசை துடைத்து, பார் வரைக்கும் வந்துவிட்டான். சிரித்த முகம், நயமான பேச்சு. ஒயின் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே மற்றவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார்கள், இவன் விழுங்கினான். அது வளர்ந்து, கரையான்சாவடியில் சாராயக்கடை வாசலில் மழையில் கிடக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டது. அள்ளி ஆட்டோவில் போட்டு வந்தவள் மனைவி சாமுண்டீஸ்வரி. அடுத்த வெள்ளிக்கிழமையே எல்லையம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி நாக்கில் படாது என்று சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்ட வைத்தாள். இந்தப் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் அப்படித்தான் விடுவார்கள்.

அன்றிலிருந்து படவில்லை. ஓட்டலில் கிளாசை மோந்து பார்ப்பான், மிச்சத்தைப் பழைய நினைவிலிருந்து சொல்வான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று இவன்தான் தினமும் பயந்துகொண்டிருந்தான்.

ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு சனிக்கிழமை, மேனேஜர் ஞானசேகரன் கூப்பிட்டார்.

"லோகு, வெயிலுக்கு ஃபிரெஞ்ச் ஒயின் மெனு போடறோம். அந்த நாட்டுல ஊருக்கு ஒரு ஒயின், அதுக்கு நம்ம சாப்பாடு ஒண்ணு. இது மூணும் புதுச் சரக்கு, யாரும் குடிச்சதில்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வீட்டுச் சமையலோட ருசி பாரு. திங்கக்கிழமை எதுக்கு எதுன்னு சொல்லிடு."

குடிப்பதில்லை என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டான். நாக்கில் வைக்காமல் இத்தனை நாள் எதைச் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியை பைக்கில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்தன. ஏரிக்கரையில் நிறுத்தி எறிந்துவிடலாமா என்று நினைத்தான். எறியவும் பயமாக இருந்தது, ஏனென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரிக்கு முகம் வெளுத்தது.

"இன்னாய்யா இது?"

"வேல மே. ருசி பாத்து சொல்லணுமாம். பயமா கீது."

அவள் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாக்கு ஒண்ணு வோணும், அவ்ளோதான? என்னாண்ட கீது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெத்திலி வறுவல், இறால் தொக்கு, மிளகுக் கோழி எல்லாம் ஆக்கி வைத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான். முதலில், ஃபிரான்சில் லுவார் ஆறு கடலில் சேருமிடத்து மஸ்கடே என்கிற வெள்ளை ஒயின்.

"த்தூ," என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு நெத்தி­லியைக் கடித்துவிட்டு இன்னொரு வாய் வைத்தாள். "எலுமிச்சங்காயில உப்பு போட்ட மாரி கீது. எண்ண பிசுக்க சுத்தமா எடுத்துடுது. நெத்திலிக்கு இத சொல்லு."

அடுத்தது ப்ரோவான்ஸ் பக்கத்து ரோஸே, இளஞ்சிவப்பு ஒயின். "ரோஸ்மில்க் கலர்ல இருந்துகினு துளி இனிப்பு இல்ல பாரேன். சில்லுனு கீது. இறாலுக்கு இது."

மூன்றாவது அல்சாஸ் பக்கத்து ஒயின். பெயர் கெவுர்ஸ்ட்ராமினர், வாயில் நுழையவே ஒரு வாரம் ஆகும். மிளகுக் கோழி தின்று எரிந்த வாயில் அதை வைத்தவள் கிளாசுக்குள் மூக்கை விட்டு மோந்தாள். "ரோஜாப்பூ வாசன," என்றாள். "காரம் அப்டியே அடங்கிப் பூட்ச்சு."

"சரி மே, போதும்."

"இரு."

மறுபடி கிளாசை எடுத்தாள். இந்த முறை கோழியைத் தொடவில்லை. லோகநாதன் ஜன்னலை விட்டு இரண்டடி முன்னால் வந்தான். அந்த வாய் ருசி பார்க்கிற வாய் இல்லை. அது குடிக்கிற வாய், அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இப்பத்தான்யா தெர்து," என்றாள்.

"இன்னா?"

"நீ ஏன் உடாம குடிச்சேன்னு. முதுகுல கீற மூட்டைய யாரோ எறக்கி வச்ச மாரி கீது."

இந்தக் கருமத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இத்தனை வருஷமாகத் திட்டியவள் அவள். அவளுக்குப் புரியாமல் இருந்ததுதான் அவனைக் காப்பாற்றியது. அந்தத் திட்டில் சாய்ந்துதான் அவன் நின்றுகொண்டிருந்தான். இப்போது சாய எதுவும் இல்லை. அதைவிட, இன்னொருவர் நாக்குக்காக அவன் பயந்தது இதுதான் முதல் தடவை.

அவளும் பயந்துதான் போனாள். சட்டென்று எழுந்து பாட்டில்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டு காலியாயின. மூன்றாவதைச் சாய்த்த கை பாதியில் நின்றது.

"நீ ஊத்துய்யா. என்னால முடில."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றினான். தண்ணீர்க் குழாயை வெகுநேரம் திறந்து வைத்திருந்தான்.

"மேனேஜராண்ட உண்மைய சொல்லிடு," என்றாள். "திரும்ப தட்டு கழுவுனாலும் கழுவு."

திங்கட்கிழமை சொன்னான். ஞானசேகரன் நாற்காலியில் சாய்ந்து கேட்டார், கோபப்படவில்லை. மூன்று ஒயினும் சாமுண்டீஸ்வரி சொன்னபடியே மெனுவில் ஏறின. லோகநாதனைக் காலை டிபன் பக்கம் மாற்றிவிட்டார்கள். இட்லிக்கு எந்தச் சட்னி சேரும் என்று யாரும் கேட்பதில்லை. மனசு லேசாகி வீட்டுக்கு வந்து சொன்னான்.

"நல்லதாப் போச்சு," என்று சாமுண்டீஸ்வரி சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். கரண்டியை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ரோஜாப்பூ வாசன அடிச்சுதே, அது பேரு இன்னாய்யா?"

பெயர், ஊர், எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

"மறந்துட்டேன் மே," என்றான்.