சமஸ்தாவுக்குள் ஓர் ஆள்

கிளினிக்கில் பிறஷர் குளிசையோடு யோகா வகுப்புக்கும் எழுதித் தந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வட்டக்கச்சியில் ஒரு மண்டபத்தில் நடக்கும். முழங்கால் மடங்காத எங்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை. கடைசியில் ஒரு சமஸ்கிருத வரியை ஒன்பது தரம் சொல்ல வேண்டும்: லோகா சமஸ்தா சுகினோ பவந்து. உலகத்தில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பிறஷர் இன்னும் ஏறித்தான் இருக்கும்.

சண்டை முடிந்த அன்று, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி என் கணவரை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அரசாங்கக் கந்தோரில் எத்தனையோ தரம் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். திவசம் செய்யவில்லை. பொட்டும் அழிக்கவில்லை. மகள்கூட இப்போது அவரைப் பற்றிக் கதைப்பதில்லை.

முதல் நாளே டீச்சரிடம் கேட்டேன்.

“என்ர மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போனவையும் இந்த எல்லாருக்குள்ள வருவினமோ?”

டீச்சருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். முகம் சுருங்கிவிட்டது.

“ஓம் அம்மா. சமஸ்தா எண்டா ஒருத்தரையும் விடேலாது. ஆனா இது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. செத்தவைக்கு வேற பிரார்த்தனை இருக்கு.”

அந்தச் சொல் எனக்குப் போதும். உயிரோடு இருப்பவர்களுக்கென்றால் அவரும் இதற்குள்தான். அன்றிலிருந்து ஒரு வகுப்பும் தவறவிடவில்லை.

“ஒவ்வொரு தரமும் ஒரு முகத்தை நினையுங்கோ. லோகாவை நீட்டுங்கோ. சமஸ்தாவில மூச்சை வெட்டாதேங்கோ. பவந்து தானா அடங்கட்டும்” என்று டீச்சர் சொல்லித் தந்தாள்.

முதல் தரம் எப்போதும் அவருக்கு. அதில் மட்டும் எனக்கு சமஸ்தாவில் மூச்சு முறிந்துவிடும். பிறகு மகள், மருமகன், பேரன், பக்கத்து வீட்டுக்காரி, பசுமாடு என்று போகும். ஒன்பதாவது, அவரைக் கொண்டுபோனவர்களுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர்கள் சுகமாக இருந்தால்தானே அவருக்கு ஒரு பிடி சோறு போடுவார்கள்.

போன மாதம் பேரனுக்கு டெங்குக் காய்ச்சல். வகுப்பில் கண்ணை மூடியதும் அவன் முகம்தான் வந்தது. அவனுக்கென்று தொடங்கி ஒன்பதையும் சொல்லி முடித்தேன்.

“அம்மா, இண்டைக்கு ஒருக்காலும் மூச்சு வெட்டேல்லை!” என்று டீச்சர் கை தட்டினாள். மற்றவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோசமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட என்னை ஒருவரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

சைக்கிளில் வாய்க்கால் கரைக்கு வந்தபோதுதான் உறைத்தது. இறங்கி நின்று விரல் விட்டு எண்ணினேன். பேரன், மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரி, மாடு, காய்ச்சல் வார்டில் கண்ட ஒரு தாய், டீச்சர், மாட்டுக்கு ஊசி போட வந்த பெடியன். ஒன்பதாவது, பஸ்ஸில் ஏற்றியவர்கள்.

திரும்பவும் எண்ணினேன். ஒன்பதுதான். அவர் இல்லை.

வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்த இடத்திலேயே அவருக்கென்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. இந்த உலகத்தில் அவரை உயிரோடு வைத்திருந்தது நான் ஒருத்திதான்.