சேவியர் சார் எழுதி வைத்த ஒரு வரி

சேவியர் சார் போய்விட்டார் என்று நம் நூலகர் மேரி டீச்சர் போனில் சொன்னபோது நான் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் சொல்ல விடவில்லையே, பிறகு எப்போது சொல்வது?

நம் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவர். நான் தற்காலிக ஊழியை, அந்த வருஷம் நிரந்தரமாக வேண்டியவள். இருந்தது ஒரே ஜாவா சர்வர். தேர்வு முடிவையும் நூலகத்தையும் சேர்த்து ஒரே அப்ளிகேஷனாக வைத்திருந்தார். நூலகப் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் மொத்தத்தையும் நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் ஒன்றை நிறுத்தும்போது மற்றது ஓடும் என்று மூன்று முறை சொன்னேன். "ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு அடுப்பு?" என்பார். இந்த மலரைப் படிக்கிற நீங்களும்தான் கூடச் சிரித்தீர்கள்.

முடிவு வெளியான அன்று காலை, நூலகப் பக்கத்தில் ஏதோ திருத்துகிறேன் என்று அவரே அப்ளிகேஷனை நிறுத்தினார். அது மறுபடி ஏறவில்லை. மேகமலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இறங்கி வந்த பெற்றோர் சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் சாயங்காலம் வரை வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கை வைத்தது என்று முதல்வர் கேட்டார். என்னிடம் ஒருநாளும் மரியாதையாகப் பேசாத சேவியர் சார் அன்று சொன்னார்: "பாத்திமாதான் சார் பாத்தாக."

அடுத்த வாரம் வேலை போயிற்று. கம்பத்தில் என் நிக்காஹ் பேச்சும் அதோடு நின்றது. அவர் நேரம் தவறாதவர், லீவு போடாதவர். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள்.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். சர்வரைப் பார்க்க ஆள் இல்லையாம். போனேன். உள்ளே தேர்வு முடிவு தனியாக, நூலகம் தனியாக, நான் சொன்னபடியே பிரித்திருந்தது. சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பின் உச்சியில் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தேதி, என் வேலை போன மறுநாள்.

குறிப்பு வரியை சர்வர் படிக்காது, தாண்டிப் போய்விடும். அப்படி ஓர் இடம் பார்த்து எழுதியிருக்கிறார். முதல்வர் அறை அவர் நாற்காலியிலிருந்து பத்து எட்டு தூரம். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த ஐந்து வருஷத்தில் அந்தப் பத்து எட்டு நடக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வரி ஒன்றுதான். மேரி டீச்சர், அதை மலரில் எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். முதல்வருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

"பாத்திமா சொன்னபடி பிரித்தேன். அன்று நிறுத்தியது நான். – சேவியர்."