எடைக்கல் அக்கா

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. அங்கேயே, இதயம் வேலை செய்வதையும் ரத்தம் ஓடுவதையும் படம் பிடித்து ஆராய்ச்சி செய்கிற அறை ஒன்று இருக்கிறது. நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இதயம் வேண்டும் என்று கேட்டபோது, கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு அக்காதான் போய்ப் படுத்தாள். அதிலிருந்து மெஷினைப் பழுது பார்த்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கணக்கு பழையபடி வந்தால் மெஷின் சரி. எடைக்கல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"என் நெஞ்சை வச்சுத்தான் மெஷினையே நிறுத்துப் பாக்குறாங்க. நீங்க என்னடான்னா குழம்புல உப்பு கூடங்கிறீங்க" என்று அத்தானைச் சீண்டுவாள்.

போன மாதம் அவளைக் கூப்பிட்டபோது துணைக்கு நானும் போனேன். படம் எடுத்த டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"உங்க இதயம் வழக்கமா தள்ளுற ரத்தத்துல பாதியைத்தான் தள்ளுதாம், அக்கா. மெஷினுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"அதுக்கும் வயசாகுதில்ல, பாவம்" என்றாள் அக்கா. நானும் சிரித்தேன்.

மறுநாளும் அக்காவோடு போனேன். மெக்கானிக் வந்து மெஷினைப் பிரித்து மாட்டினார். அக்காவைத் திரும்பவும் படுக்க வைத்தார்கள். அதே கணக்கு.

"இன்னொரு தடவை பிரிச்சுப் பாருங்களேன்" என்றார் டாக்டரம்மா. "எடைக்கல் தப்பாகாது."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. வேணும்னா நானே படுக்குறேன்."

படுத்தார். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. சில நாளாக அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். துவைக்கிற வெந்நீர் ஆவியால்தான் என்றாள், நாங்களும் நம்பினோம். கடவுளே, மெஷின் கெட்டே போயிருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படியொரு வேண்டுதலை நான் வைத்ததே இல்லை.

மெக்கானிக்குக்குக் கணக்கு சரியாக வந்தது. டாக்டரம்மாவும் படுத்துப் பார்த்தார். அதுவும் சரி.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நடக்காதீங்க. அப்படியே உக்காருங்க" என்று டாக்டரம்மா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்.

அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மருந்தில் தேறும், ஆனால் பொறுமை வேண்டும் என்கிறார்கள். மெக்கானிக் வார்டு வாசல் வரை வந்தவர் உள்ளே வராமல் நின்றார். "ஒரு வயராவது அறுந்திருக்கக் கூடாதாம்மா" என்று என்னிடம் கேட்டார்.

அக்கா தான் துவைத்த விரிப்பின் மேலேயே படுத்துக்கொண்டு, "பாவம்டி அந்த மெஷின். எவ்வளவு கேலி பண்ணிட்டோம்" என்றாள்.