ஒரு வீட்டுக்கு இரண்டு தலைக்கட்டு

இந்தூர்ப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் லாரி நிற்கும் கொட்டகையில் காலையில் கேட்கிற அளவு தமிழ், இப்போது எங்கள் ஊர்த் தெருவில் கேட்பதில்லை. திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரே தெருவில் பிறந்த பத்துப் பேருக்கு மேல் இங்கே ஒரே குழாயடியில் முகம் கழுவுகிறோம். "ஏனுங்க மாப்ள, ஊட்டு நெனப்பா? பக்கெட்ட உடுங்க" என்பார் பின்னால் நிற்பவர். எதிர் டீக்கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஒருநாள் இந்தியில் கேட்டேவிட்டார், உங்கள் ஊரில் பஞ்சமா என்று. "இருந்தது" என்றேன். என் இந்தி அவ்வளவுதான் நீளும். காசு வேண்டாமென்று கையசைத்து இன்னொரு டீ கொடுத்தார். ஊரில் நான் கட்டியிருக்கும் மெத்தை வீட்டைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. டீயைக் குடித்தேன்.

பஞ்சம் இருந்தது உண்மை. எழுபதுகளில் கிணறுகள் வற்றியபோது ஊர் நிறைய ஆள் இருந்தார்கள், ஒருவர் கையிலும் காசு இல்லை. எட்டாவதோடு நின்ற நான், இருந்த ஒரே நிலமான எங்கள் காட்டை விற்ற பிறகு பனமரத்துப்பட்டியில் மண் சுமந்தேன், செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கினேன், கடைசியில் ரிக் லாரியில் ராடு மாட்டும் வேலைக்கு ஏறினேன். எனக்குப் பின்னால் தெருவே ஏறியது. சில வருடங்களில் ஓட்டு வீடுகள் மெத்தை வீடுகளாயின. உடனே அவற்றைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காகப் பெண்கள் திருச்செங்கோட்டுக்குக் குடிபோனார்கள். என் மனைவி வள்ளியும் போனாள். காசு ஏற ஏற ஊரில் தலை குறைந்தது. காட்டு வேலைக்குத் தம்மம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் வந்தன. அப்படி வந்த பெருமாளும் அவர் மனைவி செல்லம்மாவும் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. மாரியம்மன் நோம்பிக்கு வரி கொடுப்பான், கோயில் முன்னால் அவன் வீட்டுப் பொங்கலுக்கு இடம் உண்டு. அது போய்விட்டால் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. இந்த முறை நோம்பிக் கூட்டத்துக்கு நான் போயிருந்தபோது தர்மகர்த்தா, "அடுப்பு எரியாத ஊட்டுக்குத் தலைக்கட்டு இல்லீங்க" என்றார். பூட்டிய வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். "உங்க ஊட்டுல அடுப்பு எரியுதுங்க. ஆனா ஊதறது பெருமாள் சம்சாரமாச்சே."

"அப்பத் தலைக்கட்டு பெருமாளுக்குத்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஓரமாக நின்ற பெருமாள், "எனக்கு எதுக்குங்க, அது அவரு வீடு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலம் இல்லை, குடும்பம் அங்கில்லை. அந்த ஊர்க்காரன் என்பதற்கு எனக்கிருந்தது இது ஒன்றுதான். எழுந்தேன்.

"பெருமாளச் சேத்துக்கங்க. என்னைய எடுக்காதீங்க. சப்பரம் தூக்க ஊருல எத்தன தோளு இருக்குதுன்னு பாருங்க. போன வருசம் தூக்குனது லீவுல வந்த ரிக் பசங்களும் தம்மம்பட்டிக்காரங்களுந்தான. அந்த ரெண்டு கூட்டமும் வேண்டாம்னா ஆத்தா கோயிலுக்குள்ளயே உக்காந்துக்கட்டும்."

தர்மகர்த்தா வெகுநேரம் துண்டை உதறினார். "ஒரு ஊட்டுக்கு ரெண்டு தலைக்கட்டா, கேள்விப்பட்டதே இல்லீங்களே" என்றவர், கடைசியில் ஒப்புக்கொண்டார். சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிற எவனும் அந்த வருடம் தலைக்கட்டு. எங்கிருந்து வந்தாலும் சரி, எங்கே போனாலும் சரி.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரே இடம். நோம்பிக்கு வந்த வள்ளியும் செல்லம்மாவும் நடுக்கல்லைப் பொதுவாக வைத்து ஐந்து கல்லில் இரண்டு அடுப்பு கூட்டினார்கள். எங்கள் பானை வடக்கே பொங்கி வழிந்தது. "ஆத்தாளே ரயிலுக்கு வழி காட்டிட்டா, கெளம்புங்க சாமி" என்றார் தர்மகர்த்தா.

சப்பரத்தின் முன்கொம்பில் வலப்பக்கம் நான், இடப்பக்கம் பெருமாள். ஊரைச் சுற்றி இறக்கி வைத்தபோது சுமந்த தோள் வீங்கியிருந்தது. மறுநாள் ரயிலேறினேன். இந்தூர் வரும் வரை அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை.