இடுப்பு வரை வரைந்த படம்

கிரேஸ் டீச்சர் பயந்த சுபாவக்காரி. பகுதிநேர ஓவிய ஆசிரியையாகப் பத்து வருடம் ஓட்டிவிட்டாள். இன்ஸ்பெக்ஷன் என்றாலும் பயம், பல்லி கத்தினாலும் பயம். அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் சென்னைக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மனசு அடிபட்ட பிள்ளைகளை வரையவிட்டு, வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் இறக்கி வைக்கச் செய்யும் பயிற்சி. முதல் நாளே ஒரு விதி சொன்னார்கள்: படம் பிள்ளையுடையது, பிள்ளை சம்மதிக்காமல் யாரிடமும் காட்டக்கூடாது. கிரேஸ் அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து திரும்பியதும் வியாழக்கிழமைகளில் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் அவளிடம் வந்தார்கள். அதில் ஒருத்தி நாலாம் வகுப்புக் காவேரி. அம்மா இறந்ததிலிருந்து பேச்சையே ஏறக்குறைய நிறுத்திவிட்டவள். மூன்று வாரமும் ஒரே படம்தான் போட்டாள். பள்ளத்துக்குள் இடுப்பு வரை தெரியும் ஓர் ஆள், தலைக்கு மேல் குறுக்கே தடித்த கோடுகள். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற ஆள், மேலே தறிக்கட்டைகள். 'அப்பா தறியில்' என்று கிரேஸ் குறித்து வைத்தாள்.

மூன்றாவது வியாழன் சாயங்காலம் காவேரியை அழைத்துப் போக அவள் அப்பா முருகேசன் கேட்டருகே நின்றிருந்தார். தினமும் வருபவர், மரியாதையான மனிதர். கிரேஸுக்குப் பெருமை தாங்கவில்லை. விதியாவது ஒன்றாவது! அன்றைய படத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க தறியில உக்காந்திருக்கறத எவ்ளோ அழகா போட்டிருக்குது பாருங்க சார்."

அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்குது மேடம்" என்று காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளின் மணிக்கட்டைப் பிடித்து நடந்தார். காவேரி திரும்பிப் பார்த்தாள். கிரேஸ் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காவேரி வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. காவேரியின் தெருவிலேயே குடியிருக்கும், பள்ளியில் சத்துணவு சமைக்கும் கமலவேணியிடம் கிரேஸ் விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக, தறி வேலை அதிகமோ என்றாள்.

"அவங்க வூட்ல தறி ஏதும்மா? ரெண்டு வருசம் முன்னாடியே கழட்டி வித்துட்டாங்க. அவரு கம்பெனிக்கில்ல போய்க்கினு இருக்காரு! குழி மட்டுந்தான் இருக்குது, பலகை போட்டு மூடி வச்சிருக்காங்க."

 கிரேஸ் ஓடிப்போய் முதல் இரண்டு படங்களை எடுத்துப் பார்த்தாள். ஆளின் தலைக்கு இருபுறமும் தொங்கியவற்றைத் தறிக்கயிறு என்று நினைத்திருந்தாள். அவை காவேரியின் இரட்டைச் சடை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்து விஷயத்தைச் சொன்னாள். தான் நினைப்பது தப்பாக இருந்தால் வேலை போகும், முருகேசன் நாளைக்குக் கேட்டருகே வந்து நிற்பார் என்று பயந்தாள். சரியாக இருந்தால் என்னாவது என்பதுதான் இன்னும் பெரிய பயம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவர் பிள்ளையை என்ன செய்திருப்பார்? வியாழக்கிழமையிலிருந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அதிகாரிகள் வருவதற்குள் கமலவேணியை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக, "காவேரி! மிஸ் வந்திருக்கேன்மா!" என்று கத்தினாள்.  மறுபடி கத்தினாள். உள்ளே ஒரு சின்னச் சத்தம்கூட எழவில்லை. தன் வாழ்நாளில் பட்ட பயமெல்லாம் விளையாட்டு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் பெண் போலீசும் வந்து பூட்டை உடைத்தார்கள். பலகை மேல் அரிசி மூட்டை ஏற்றப்பட்டிருந்தது. நாலு பேரும் சேர்ந்து தள்ளினார்கள்.

காவேரி முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. கிரேஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பெண் போலீஸ் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டபோது அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது.

"நீங்கதானே மிஸ் அப்பாகிட்ட காமிச்சீங்க?"

"ஆமாம்மா" என்றாள் கிரேஸ். "நான்தான்."

காவேரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.