மூச்சு விட்டு வெட்டுகிற அண்ணி

வெட்டும் இயந்திரத்தில் பொருத்திய மெழுகுக்கட்டியின் மேல் குனிந்து, மூக்குக்கண்ணாடி துடைக்கிறவர் போல ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் சக்கரத்தைச் சுற்றுவார் அண்ணி. பனிக்கட்டியில் கிடந்து விறைத்த மெழுகு அந்தச் சூட்டில் இளகி, முடியைவிட மெல்லிய ஏடாக இறங்கும். மெழுகுக்குள் இருப்பது யாரோ ஒரு பெண்ணின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த நூலளவு சதை. ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயம் ஏற்றினால், பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். பழுப்பு கூடினால் நோய்க்கு அவசரம் கூடுதல்.

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணிதான். அவருக்கு ஒரே நாத்தனார். வேலை நேரத்தில் போன் போட்டு, “எங்க அண்ணி இருக்காங்களா?” என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரை நிலைநாட்டியவள். போன் போடுவது பெரும்பாலும் எடுத்தவரிடம் குறை சொல்லத்தான். “ஆஸ்பத்திரில முடியைவிட மெல்லிசா வெட்டுறாங்களாம். வீட்ல உருளைக்கிழங்கை ரெண்டா நறுக்கினா அதுவே அவங்களுக்குப் பொடிசு.” மறுநாள் கிழங்கு முழுசாகவே வேகும்.

ஒருநாள் அந்த நாத்தனாரின் சதையே மெழுகில் வந்து சேர்ந்தது. புற்றுதான், அதிலும் முரட்டு ரகம் என்பது முன்பே தெரியும். எவ்வளவு வேகமாக ஓடும் என்பதுதான் பாக்கி. சொந்தக்காரரின் மெழுகுக்கட்டியைத் தானே வெட்டுவது அங்கே வழக்கமில்லை. பக்கத்து மேசைக்காரி கை நீட்டினாள். வேறு யார் வெட்டினாலும் நாத்தனார் குறை சொல்வாள் என்று அண்ணி கொடுக்கவில்லை.

முதல் ஏடு நொறுங்கி உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. இன்னும் ஒரு சீவலுக்குத்தான் சதை இருந்தது. அதுவும் போனால் நாத்தனாருக்கு மறுபடி ஊசி.

“மூச்சை அடக்கிக்கிட்டு நின்னா எப்படி வரும்? விடு” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அண்ணி விட்டார். நிறையவே வந்தது. ஏடு நொறுங்காமல் இறங்கியது.

சாயம் ஏறியதை டாக்டரம்மா நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். “வேகமாத்தான் பெருகுது. ஆனா இப்படிப் பெருகுறதைத்தான் மருந்து நல்லாப் பிடிக்கும். தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கே மாடி வார்டுல சேர்த்துடுங்க.”

நாத்தனார் தாழ்வாரத்து பெஞ்சில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“உங்க சீவல் என்ன சொல்லுது அண்ணி? வீட்டுக்குப் போகலாமா?”

அண்ணி அந்தப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நாத்தனாரின் கையைப் பிடித்து எழுப்பி, வாசலைப் பார்க்காமல் மாடிப்படி பக்கம் திரும்பினார்.